உளுத்த பிர்ச் மரத்தில் ஒரு காளானும் ஒரு குருவியும்

ஃபின்லாந்தின் காடுகளில், உச்சி முறிந்து, கிளைகள் உதிர்ந்து, வெள்ளைப் பட்டையை மட்டும் சட்டைபோலப் போர்த்திக்கொண்டு நிற்கும் செத்த பிர்ச் மரத்துக்கு அந்நாட்டு மொழியில் ஏறத்தாழ ‘பொக்கெலோ’ என்று ஒலிக்கும் தனிச்சொல் ஒன்று உண்டு. அது பலகைக்கும் ஆகாது, நல்ல விறகுக்கும் ஆகாது. தோள் கொடுத்துத் தள்ளினால் சாய்ந்துவிடும். அத்தகைய மரத்தின் பட்டைமேல், பாதியாக அறுத்த தட்டு ஒன்றைப் பதித்து வைத்ததுபோல ஒரு காளான் நீட்டிக்கொண்டிருக்கும். அதே மரத்தில் இடுப்புயரத்தில் ஒரு சிறிய துளையும், அதற்குள் ஒரு குருவியின் கூடும் இருக்கக்கூடும். காளானின் பெயர் பிர்ச் காளான். குருவியின் பெயர் வில்லோ டிட்.

காளானையும் குருவியையும் எடுத்து ஒப்பிடுவது, முதல் பார்வைக்குப் பொருந்தாத இரண்டைத் தராசின் இரு தட்டுகளில் வைப்பதுபோலத் தோன்றலாம். ஆனால் இவ்விரண்டும் ஒரே மரத்தை, வெவ்வேறு வேகத்தில், அடுத்தடுத்துப் பயன்படுத்திக்கொள்பவை. குருவி குடைந்ததாக நாம் எண்ணும் பொந்தில் பெரும்பங்கு வேலையைக் காளான் முன்னரே முடித்திருக்கிறது. இதை மனத்தில் கொள்ளாமல், பிரிட்டனிலும் ஃபின்லாந்திலும் அந்தக் குருவி ஏன் இவ்வளவு வேகமாகக் குறைந்துவருகிறது என்ற கேள்விக்கு முழுமையான விடை காண முடியாது.

முதலில் காளான். இதன் அறிவியல் பெயர் ஃபோமிடாப்சிஸ் பெட்டுலினா. பிர்ச் மரத்தைத் தவிர வேறு மரத்தில் இதைக் காண்பது அரிது. பட்டையைப் பிளந்துகொண்டு முதலில் ஒரு குமிழாக வெளிவந்து, பிறகு ஒரு சாண் அகலம்வரை விரியும். மேற்புறம் வெளிர்பழுப்பாகவும், நுண்துளைகள் நிறைந்த அடிப்புறம் வெண்மையாகவும் இருக்கும். காய்ந்த காளானைச் சவரக்கத்தி தீட்டப் பயன்படுத்தும் வழக்கம் ஐரோப்பாவில் இருந்தது. ஆல்ப்ஸ் மலையில் ஆஸ்திரிய இத்தாலிய எல்லையருகே 1991இல் பனிக்குள்ளிருந்து கண்டெடுக்கப்பட்ட, ஏறத்தாழ 5300 ஆண்டுகளுக்கு முந்தைய ‘ஊட்ஸி’ என்னும் மனிதனின் உடைமைகளில், தோல்வாரில் கோத்த இரண்டு பிர்ச் காளான் துண்டுகள் இருந்தன. அவன் அவற்றை வயிற்றுப் புழுவுக்கு மருந்தாக வைத்திருந்தான் என்ற விளக்கம் பரவலாகச் சொல்லப்படுகிறது. அது ஓர் ஊகம் மட்டுமே.

கண்ணுக்குத் தெரியும் இந்தத் தட்டு, மாமரத்துக்கு மாங்காய் எப்படியோ அப்படி, காளானின் கனி மட்டுமே. உண்மையான உடல் மரத்துக்குள்ளே, தலைமயிரைவிடப் பல மடங்கு மெல்லிய இழைகளாகப் பரவிக்கிடக்கிறது. முறிந்த கிளை, பட்டைக் காயம் போன்ற வாயில் வழியாக உள்ளே நுழையும் பூஞ்சை, உயிருள்ள மரத்துக்குள் ஆண்டுக்கணக்கில் அடங்கிக் கிடந்து, வறட்சியாலோ நெருக்கத்தாலோ மரம் நலிவடையும்போது தலையெடுக்கும் என்று கருதப்படுகிறது.

அதன் பிறகு நடப்பதே இந்தக் கட்டுரைக்கு முக்கியமானது. மரக்கட்டையின் வலிமை இரண்டு பொருள்களின் கூட்டால் வருவது: இழுவிசையைத் தாங்கும் செல்லுலோஸ் நார்களும், அந்த நார்களைச் சுற்றி இறுகியிருக்கும் லிக்னினும். மரத்தை அழுகச் செய்யும் பூஞ்சைகளில் ஒரு பெரும் பிரிவு லிக்னினையும் சேர்த்தே சிதைத்து, கட்டையை வெளுத்த, நார்நாரான பஞ்சாக்கிவிடுகிறது. இதை வெண் அழுகல் என்பர். பிர்ச் காளான் இன்னொரு வகையான பழுப்பு அழுகலைச் சேர்ந்தது. அது செல்லுலோஸைக் கவர்ந்துகொண்டு, லிக்னினைச் சற்றே மாற்றிவிட்டு, பெரும்பாலும் அப்படியே விட்டுவைக்கிறது. நொதிகள் பருத்த மூலக்கூறுகள் என்பதால் உறுதியான மரச்சுவருக்குள் அவை எளிதில் புக முடியாது. எனவே பழுப்பு அழுகல் பூஞ்சைகள் முதலில் சிறு மூலக்கூறுகளை உள்ளே அனுப்பி, மரத்திலுள்ள இரும்பையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் வினைபுரியச் செய்து, அதில் பிறக்கும் கடும் வீரியமுள்ள ஹைட்ராக்சில் துகள்களைக் கொண்டு நார்களை உள்ளிருந்தே துண்டாடுகின்றன. இதன் விளைவு வியப்பானது. கட்டையின் எடையில் பத்தில் ஒரு பங்குகூடக் குறைவதற்கு முன்பே, வளைவைத் தாங்கும் அதன் வலிமையில் பெரும்பகுதி போய்விடுகிறது. பார்வைக்கு முழுமையாக நிற்கும் மரம் ஒரு காற்றில் நடுவே முறிந்து விழுவதற்கு இதுவே காரணம். இன்னும் சில ஆண்டுகளில் உட்கட்டை குறுக்கும் நெடுக்குமாக வெடித்துச் சிறு கட்டிகளாகி, விரலிடையில் வைத்து நசுக்கினால் பழுப்புப் பொடியாகும் நிலையை அடைகிறது.

பட்டை மட்டும் அவ்வளவு எளிதில் மசிவதில்லை. பிர்ச் பட்டைக்கு வெண்மை தருகிற பெட்டுலின் என்னும் பொருள் அழுகலை எதிர்த்து நிற்பது. நீரும் அதன்மேல் ஒட்டாது. ஆகவே உள்ளே எல்லாம் பொடியாகிய பின்னும் வெளியே ஒரு குழாய் நிற்கிறது. பழுப்பு மாவு நிரப்பிய வெள்ளைக் குழாய் என்று அதைச் சொல்லலாம். இனிக் குருவி வரலாம்.

போசிலே மொன்டானுஸ் என்னும் அறிவியல் பெயர் கொண்ட வில்லோ டிட், நம் ஊர்ப் பட்டாணிக் குருவியின் குடும்பத்தைச் சேர்ந்த பாடும் பறவை. கருந்தொப்பி, வெளுத்த கன்னம், சாம்பல் கலந்த பழுப்பு முதுகு. எடை 11 கிராம் அளவில், அதாவது இப்போது புழங்கும் ஒரு ரூபாய் நாணயங்கள் மூன்றைச் சேர்த்து வைத்த கனம். பிரிட்டனிலிருந்து ஜப்பான்வரை யூரேசியாவின் குளிர்ந்த காடுகளில் வாழ்கிறது. இந்தக் குடும்பத்தின் பெரும்பாலான பறவைகள் ஏற்கெனவே இருக்கும் பொந்தையோ சுவர் ஓட்டையையோ தேடிக் கூடுகட்டுபவை. நம் பட்டாணிக் குருவியும் அப்படித்தான். அது மரத்தைக் குடைவதில்லை. வில்லோ டிட் ஒவ்வோர் ஆண்டும் தன் பொந்தைத் தானே, பெரும்பாலும் புதிதாகவே, குடைந்துகொள்ளும்.

மரங்கொத்திக்கு உளிபோன்ற அலகும், அடிமேல் அடி தாங்கும் மண்டையோடும், மரத்தில் ஊன்றிக்கொள்ள விறைத்த வால் இறகுகளும் உண்டு. இந்தக் குருவிக்கு அவற்றில் ஒன்றும் இல்லை. தடித்த கழுத்துத் தசையை மட்டும் கருவியாகச் சொல்லலாம். பறவை நோக்குவோர் இதன் ‘காளைக் கழுத்தை’ ஓர் அடையாளமாகவே குறிப்பிடுவார்கள். சிறிய அலகால் உளுத்த கட்டையைக் கிள்ளிக் கிள்ளி எடுத்து, அந்தச் சிராய்களைத் துளையின் அடியிலேயே உதிர்த்துவிடாமல் சற்றுத் தொலைவுக்குக் கொண்டுபோய்ப் போடுகிறது. மரத்தடியில் குவியும் புதுத்தூள் வேட்டையாடிக்குக் காட்டிக்கொடுத்துவிடும் அல்லவா? தரையிலிருந்து ஒன்றிரண்டு மீட்டர் உயரத்துக்குள், ஒரு சாணுக்கும் சற்றுக் குறைந்த ஆழத்தில் அறை அமைகிறது. அதில் பெட்டை ஆறு முதல் ஒன்பது முட்டைகள்வரை இட்டு, இரண்டு வாரம் அடைகாக்கிறது.

வைரம் பாய்ந்த மரத்தில் இந்த அலகு ஒரு கீறலைக்கூட உண்டாக்காது. அதே வேளை, அழுகல் முற்றி ஈரக் களியாகிவிட்ட கட்டையிலும் பயன் இல்லை; அறையின் சுவர் நிற்காது. குருவிக்கு வேண்டியது ஒரு மரம் என்பதைவிட, மரத்தின் சாவுக்கும் சரிவுக்கும் இடையே வரும் ஒரு பருவம் என்பதே சரி. அந்தப் பருவத்தை உண்டாக்குவதும் பூஞ்சை, முடித்துவைப்பதும் பூஞ்சை. இங்கே ஒரு திருத்தம் தேவை. வில்லோ டிட்டுக்கும் பிர்ச் காளானுக்கும் இடையே ஒன்றுக்கொன்று என்ற உடன்படிக்கை எதுவும் இல்லை. பிர்ச்சை அழுகச் செய்யும் பூஞ்சைகள் வேறும் உண்டு. குதிரைக் குளம்பு வடிவில் வளரும் ஃபோமெஸ் அவற்றில் பெயர்பெற்றது. பிரிட்டனில் இந்தக் குருவி எல்டர், வில்லோ, ஆல்டர் மரங்களின் உளுத்த கட்டைகளையும் குடைகிறது. உறவு என்று ஒன்று இருந்தால் அது அழுகலுக்கும் அலகுக்கும் இடையிலானது. அதுவும் ஒருவழி உறவே: காளான் இல்லாமல் குருவிக்கு வீடில்லை, குருவி இல்லாவிட்டால் காளானுக்கு ஒரு குறையும் இல்லை.

இந்த இரண்டும் உயிரினங்களின் குடும்ப மரத்தில் எவ்வளவு தொலைவு என்று கேட்டால், வகுப்பறையில் நாம் கற்றதற்கு மாறான விடை கிடைக்கும். காளான் நகராது, மண்ணிலும் மரத்திலும் முளைக்கும் என்பதால் நெடுங்காலம் தாவரங்களோடு சேர்த்தே எண்ணப்பட்டது. 1969இல் விட்டேக்கர் முன்வைத்த ஐந்து உலக வகைப்பாட்டில் பூஞ்சைகள் தனி உலகமாக நிலைபெற்றன. 1993இல் வெளியான மரபுத் தொடர் ஆய்வுகள், பூஞ்சைகளும் விலங்குகளும் ஒரே கிளையில் பிரிந்த பங்காளிகள் என்றும், தாவரங்கள் இருவருக்குமே தொலைவு என்றும் காட்டின. அதாவது காளான் தான் தின்னும் பிர்ச் மரத்தைவிட, அந்த மரத்தில் கூடுகட்டும் குருவிக்கே நெருங்கிய சொந்தம். இருவரும் பச்சையம் அற்றவர்கள். பிறர் உண்டாக்கிய உணவில் வாழ்பவர்கள். உண்டது மிகுந்தால் மாவுச்சத்தாக அல்லாமல் கிளைக்கோஜனாகச் சேமிப்பவர்கள். ஏறத்தாழ நூறு கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தவர்கள் என்பது மதிப்பீடு.

பிரிந்த பிறகு இருவரும் உணவை அணுகிய விதம் நேர் எதிரானது. குருவி உணவை உடலுக்குள் கொண்டுபோய்ச் செரிக்கிறது. அதனால் உணவு இருக்கும் இடத்துக்கெல்லாம் அது பறக்க வேண்டும். காளானோ தன்னைக் கொண்டுபோய் உணவுக்குள் வைத்துக்கொண்டு, செரிமான நீரை வெளியே கசியவிட்டு, கரைந்ததை உறிஞ்சுகிறது. அதற்கு வயிறு என்பது தான் குடியிருக்கும் மரமேதான். குருவிக்கு உடல் ஒன்று, அதன் எல்லை இறகோடு முடிகிறது. பூஞ்சைக்கு அப்படி எல்லை வகுப்பது கடினம். ஓர் இழையை வெட்டினால் இரண்டு பூஞ்சைகளாக வாழும். ஒரே மரபு கொண்ட இரண்டு இழைகள் சந்தித்தால் மீண்டும் ஒன்றாகும். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், மரவேர்களை அழுகச் செய்யும் ஆர்மில்லேரியா பூஞ்சை ஒன்று, ஒரே மரபுடைய ஒற்றை உயிராக 9 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட காட்டின் அடியில் பரவியிருப்பது அறியப்பட்டிருக்கிறது.

ஆனாலும் எல்லைச் சண்டை இரண்டுக்கும் பொது. வில்லோ டிட் இணைகள் ஆண்டு முழுவதும் தங்கள் வட்டாரத்தைக் குரலால் காக்கின்றன. மரத்துக்குள் வெவ்வேறு மரபுள்ள பூஞ்சைகள் எதிர்ப்படும்போது, இரண்டும் தத்தம் ஓரத்தில் கருங்கோடு ஒன்றை எழுப்பி விலகி நிற்பதும் உண்டு. அழுகிய கட்டையைக் குறுக்கே அறுத்தால் தெரியும் அந்த மை போன்ற கோடுகளை அழகு என்று கருதிக் கிண்ணங்களாகக் கடைந்து விற்கிறார்கள். உண்மையில் அவை வேலிகள்.

இனப்பெருக்கத்திலும் வேறுபாடு சுவையானது. குருவியின் முட்டையில் தாய் தந்தை உட்கருக்கள் கருவுறும்போதே ஒன்றாகிவிடுகின்றன. காளானில் இரண்டு இழைகள் இணைந்த பின்னும், இருவர் உட்கருக்களும் கலக்காமல், ஒவ்வொரு செல்லிலும் அருகருகே இருந்தபடியே ஆண்டுக்கணக்கில் வாழ்க்கை நடத்துகின்றன. தட்டு முளைத்து, வித்துத்தூள் உருவாகும் தறுவாயில்தான் கலக்கின்றன. அந்தத் தூள் கோடிக்கணக்கில் காற்றில் போகும். நகராத காளானின் சந்ததி இப்படி நெடுந்தூரம் பயணிக்க, சிறகுள்ள வில்லோ டிட் பிரிட்டனில் பிறந்த இடத்திலிருந்து சில கிலோமீட்டருக்கு அப்பால் பெரும்பாலும் போவதில்லை. ஒரு தோப்பில் குருவி அற்றுப்போனால் அடுத்த தோப்பிலிருந்து வந்து நிரப்புவது அரிதாவதற்கு இதுவே காரணம்.

வடக்கின் குளிர்காலத்தைக் காளான் செயலடங்கிக் கிடந்து கழிக்கிறது. குருவிக்கு அந்த வசதி இல்லை. நார்வேயின் ஸ்வைன் ஹாஃப்டோர்ன் 1950களில் ஊசியிலைக் காடுகளில் விரிவாக ஆராய்ந்து காட்டியதுபோல, வில்லோ டிட் இலையுதிர்காலத்தில் விதைகளையும் பூச்சிகளையும் ஆயிரக்கணக்கான இடங்களில், பட்டை வெடிப்பிலும் மரப்பாசியிலும், ஒவ்வொன்றாக ஒளித்துவைக்கிறது. கடும் இரவுகளில் உடல் வெப்பத்தைச் சில பாகை இறக்கியும் கொள்கிறது.

இரண்டையும் அடையாளம் காண்பதில் மனிதர்கள் தடுமாறியதும் ஒன்றுபோலவே இருக்கிறது. வில்லோ டிட்டும் மார்ஷ் டிட் என்னும் இன்னொரு குருவியும் பார்வைக்குக் கிட்டத்தட்ட ஒன்றே. சுவிட்சர்லாந்தின் மலைப்பகுதியில் 1827லேயே தனியாக விவரிக்கப்பட்டுவிட்ட பறவை, பறவையியலாளர்கள் நிறைந்த பிரிட்டனில் 1897வரை யார் கண்ணிலும் படவில்லை. அவ்வாண்டில் ஜெர்மானியர்களான எர்ன்ஸ்ட் ஹார்ட்டெர்ட்டும் ஓட்டோ கிளைன்ஷ்மிட்டும், அருங்காட்சியகத்தில் மார்ஷ் டிட் என்று பெயரிட்டு வைத்திருந்த பதப்படுத்திய பறவைகளுக்கு இடையில் அதைக் கண்டெடுத்தார்கள். காட்டில் அதைப் பிரித்தறியக் கண்ணைவிடக் காது உதவும். மூக்கால் இழுத்துச் சொல்வதுபோன்ற ‘ட்ஸே ட்ஸே’ என்ற அதன் குரல் மற்றதற்கு இல்லை. காளானோ குரலற்றது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பெயர் பெற்றுவிட்ட இது, நெடுங்காலம் பிப்டோபோரஸ் என்ற தனிப் பேரினத்தில் இருந்து, 2016இல் மரபணுச் சான்றின்படி ஃபோமிடாப்சிஸுக்கு மாற்றப்பட்டது.

இனி அந்தச் சரிவு. பிரிட்டனில் 1970க்குப் பிறகு வில்லோ டிட் எண்ணிக்கை 90 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்திருக்கிறது. ஃபின்லாந்தில் ஒரு காலத்தில் எங்கும் காணக்கூடிய பறவைகளில் ஒன்றாக இருந்தது, 2019ஆம் ஆண்டின் சிவப்புப் பட்டியலில் அழியும் ஆபத்துள்ள இனமாக இடம்பெற்றது. பிர்ச் காளானோ இரு நாடுகளிலும் சாதாரணமாகக் கிடைக்கிறது. காளான் இருந்தும் குருவி ஏன் இல்லை என்ற கேள்வி இயல்பாக எழும். காளானுக்கு விழுந்து கிடக்கும் கட்டையும் போதும். மரம் சாய்ந்தால் அடுத்த தட்டைப் புதிய திசைக்கேற்ப, நுண்துளைகள் தரையை நோக்குமாறு, திருப்பி முளைக்கவைத்துக்கொள்ளும். குருவிக்குக் கட்டை நின்றாக வேண்டும். நிர்வகிக்கப்படும் காடுகளில் இளமரங்களைக் களையெடுக்கும்போது பிர்ச்தான் முதலில் வெட்டுப்படுகிறது. நின்று உளுத்த சிலவும் அறுவடை இயந்திரங்களின் போக்குவரத்தில் சாய்ந்துவிடுகின்றன.

பிரிட்டனில் கதை சற்று வேறு. அங்கே இக்குருவிக்குப் பிடித்தது ஈரம் மிகுந்த இளங்காடு. நிலம் வறண்டாலும் மரங்கள் முதிர்ந்து உயர்ந்தாலும் அது விலகிப்போகிறது. பழைய நிலக்கரிச் சுரங்கங்கள் கைவிடப்பட்ட இடங்களில், தரை அமிழ்ந்து நீர் தேங்கி, பிர்ச்சும் வில்லோவும் தானாக முளைத்த புதர்க்காடுகள் அதற்குப் புகலிடம் ஆயின. விகன் நகரைச் சுற்றிய ஏரிகளும், தெற்கு யார்க்‌ஷயரின் டேர்ன் பள்ளத்தாக்கும் அப்படிப்பட்டவை. தொழிற்சாலைக் கழிவு நிலம் என்று ஒதுக்கப்பட்டதே கடைசி வாழிடமாக மிஞ்சியிருக்கும்போது, அதைச் ‘சீர்திருத்தும்’ திட்டங்களைச் சற்று ஐயத்தோடு பார்ப்பதே முறை என்று எனக்குத் தோன்றுகிறது.

போட்டியும் இருக்கிறது. பாடுபட்டுக் குடைந்த பொந்தை, புளூ டிட்டும் கிரேட் டிட்டும் வந்து பறித்துக்கொள்கின்றன. இந்தக் கிரேட் டிட் நம் பட்டாணிக் குருவிக்கு மிக நெருங்கிய உறவு. இரண்டும் ஓரினம் என்றே அண்மைக்காலம்வரை கருதப்பட்டன. வீட்டுத் தோட்டங்களில் தொங்கும் தீவனக் கூண்டுகளாலும் கூட்டுப் பெட்டிகளாலும் அவை பெருகியிருப்பது வில்லோ டிட்டுக்குப் பாதகமாகியிருக்கலாம். பெரும்புள்ளி மரங்கொத்தி, மெலிந்த பொந்துச் சுவரை உடைத்துக் குஞ்சுகளைத் தின்கிறது. அழுகல் குருவிக்கு எளிதாக்கிய சுவர் எதிரிக்கும் எளிதாகவே இருக்கிறது என்பதை இங்கே கவனிக்கலாம்.

கூட்டுப் பெட்டி வைத்துக் காப்பாற்றலாமே என்றால், வெறும் பெட்டியை இக்குருவி பெரும்பாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. குடைவது அதற்குக் கூடு தேடும் வழி மட்டும் அல்ல, கூடுகட்டும் செயலின் ஒரு பகுதியே. எனவே பெட்டிக்குள் மரத்தூளையும் சீவலையும் அடைத்துவைத்துப் பார்த்தார்கள். சில இடங்களில் பலித்தது, பல இடங்களில் பலிக்கவில்லை. அதைவிட நேரான வழி, உளுத்த பிர்ச் கட்டைகளைத் தேடிக் கொண்டுவந்து, உயிருள்ள மரங்களோடு நிமிர்த்திக் கட்டிவைப்பது. ஃபின்லாந்திலும் ஸ்வீடனிலும் காடு வெட்டும்போதே சில மரங்களை மூன்று நான்கு மீட்டர் உயரத்தில் அறுத்து, அடிமரத்தை நிற்கவிட்டுப் போகும் வழக்கம் வந்திருக்கிறது. அப்படி விட்ட அடிமரம் அன்றைக்கே பயன்படாது. பூஞ்சை உள்ளே பரவிக் கட்டையைப் பதப்படுத்தச் சில ஆண்டுகள் பிடிக்கும். கட்டிவைத்த கட்டையோ உடனே பயன்படும், ஆனால் அதற்குள் இருக்கும் இழைகள் வேலையை நிறுத்துவதில்லை என்பதால், சில ஆண்டுகளில் பொடிந்து விழுந்துவிடும். அப்போது வேறு கட்டையைக் கொண்டுவந்து கட்ட வேண்டும்.